வழுக்குதலைப் பொறாதவர்

இதனை எழுதியே தீரவேண்டிய நிலைக்கு என்னைத் தள்ளியது எங்கள் தொடர்மாடியின் படிக்கட்டு. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் குடியிருப்பு உள்ளது. மின்தூக்கி பழுதுறும் நாள்களில் அனைவரும் படியேறுவோம்; படிக்கட்டில் உரைக்கும் சொல் ஒரு மாடி மேலும் ஒரு மாடி கீழும் தெளிவாகக் கேட்கும். அண்மையில் அவ்வாறு ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைச் சுட்டி, "இவதான், அந்தக் கை ஒடிச்சவர்ட மகள்" என்று ஒருவர் மற்றொருவருக்குச் சொன்னார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பற்றியவாறு சற்றே நின்றாள். பின்னர் ஏறிப் போனாள். அவளுக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தவன், ஆசிரியனாயிருந்த நான்.

அன்று மாலை அவள் என் கதவைத் தட்டினாள். தந்தையின் முப்பத்தோராம் நாள் வழிபாடு நெருங்கியிருந்தது.

"அங்கிள், நினைவு மலர்ல ஒரு பக்கம் நீங்க எழுதணும். பெரிசா ஒண்டும் வேணாம். டடி ஒரு மனிசன ட்ரெயின்ல அடிபடாமக் காப்பாத்தினவர் எண்டு எழுதுங்க. நீங்கதானே கிட்ட நிண்டு பாத்தீங்க. நீங்க எழுதினா ஆக்கள் நம்புவாங்க."

கிட்ட நின்று பார்த்தேன் என்பது உண்மை. அவர் ஒரு மனிதரைத் தொடர்வண்டிக்கு முன்னிருந்து இழுத்தெடுத்தார் என்பதும் உண்மை. அம்மனிதரின் வலது மணிக்கட்டு அவருடைய பிடிக்குள்ளேயே முறிந்தது என்பதும் உண்மை. இழுக்கையில் முறிந்ததா, இழுத்து முடித்த பின் முறிந்ததா என்பதே வினா. விடை முன்னதாயின் அவர் ஓர் உயிரைக் காத்தவர். பின்னதாயின் மகள் அந்தப் படிக்கட்டில் கேட்டது சரி. ஒரு பக்கத்தில் அடக்கி எழுத என்னால் இயலவில்லை. ஆகவே அவர் எத்தகையவர் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

அவரை அறிய விரும்புவோர் முதலில் அவர் வீட்டுத் தண்ணீர்க் குழாய்களை அறிய வேண்டும். நீர் சொட்டுவதை அவரால் தாங்க முடியாது. ஒவ்வொரு குழாயையும் தம் கையால் இறுக்குவார். இறுக்கியபின் வேறெவராலும் அதைத் திறக்க இயலாது. காலையில் தேநீருக்கு நீர் பிடிக்க மகள் குறடு வைத்திருந்தாள். ஒருமுறை கீழ்த்தளத்துப் பொதுக்குழாயையும் இறுக்கப் போய்க் குழாய் கழுத்தோடு முறிந்து நீர் பீறிட்டது. அவர் ஓடவுமில்லை, கூவவுமில்லை. முறிந்த வாய்க்குள் கட்டைவிரலை நுழைத்துக்கொண்டு நின்றார். குழாய் திருத்துபவர் வரும்வரை வேறொருவர் மாறி நிற்க அவர் ஒப்பவில்லை. விரலை எடுத்தபோது நகம் குழாய்க்குள் தங்கிவிட்டிருந்தது.

கொட்டாஞ்சேனையில் பிறந்தவர், துறைமுகத்தில் பாரந்தூக்கிப் பொறி இயக்கியவர், ஓய்வுபெற்றபின் மகளோடு வெள்ளவத்தைக்கு வந்தவர். ஞாயிறு பூசை தவறியதில்லை. பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் பகிரும் வேளை ஒன்று உண்டு. அதைப்பற்றி அவர் மகள் ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள்:

"அந்த நேரம் டடிக்குப் பக்கத்தில நிக்கிற ஆக்கள் எல்லாம் தமிழ்ப் பண்பாட்டுக்கு மாறிருவாங்க அங்கிள். ஒருத்தரும் கை குடுக்க மாட்டாங்க. கும்பிடு போட்டுட்டுத் தப்பிருவாங்க."

அவருடைய உள்ளங்கைகளில் ரேகைகள் இல்லை. தோல் உருகி ஆறியது போன்ற வழவழப்பு. எவ்வாறு நேர்ந்தது என்று வெவ்வேறு பொழுதுகளில் வினவினேன். வெவ்வேறு விடைகள் கிடைத்தன. கப்பலின் அடித்தளத்தில் நின்ற தோழன்மீது பாரம் விழாதிருக்கக் கயிற்றை வெறுங்கையால் பிடித்ததாக ஒருமுறை. கொதிநீர்க் குழாய் என்று ஒருமுறை. "பொறக்கும்போதே இப்பிடித்தான்" என்று ஒருமுறை. எதையும் நான் சான்றாகக் கொள்ளவில்லை. தீயன செய்தோர்க்கு இளமையில் ஒரு துயரைக் காரணமாகக் கற்பித்துக் கொடுப்பது எழுதுவோர் வழக்கம். அவ்வழக்கத்தை நான் இங்கு மேற்கொள்ளேன்.

ஆயினும் அவர் தாமே மனமுவந்து சொன்ன நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதை மறைத்தால் இச்சித்திரம் பொய்யாகும். கொட்டாஞ்சேனைத் தேவாலயத் திருவிழாக் கூட்டத்தில், தம் சட்டைப் பையில் விரல்விட்ட ஒருவனின் கையை அவர் பற்றிக்கொண்டாராம். அவன் குனிந்து அவர் கையைக் கடித்தான். எலும்பு தட்டுப்படும்வரை கடித்தான். அத்தழும்பை நான் கண்டிருக்கிறேன். அவர் விடவில்லை. கூட்டம் திரண்டது. அதன்பின் நிகழ்ந்ததை அவர் சொற்களிலேயே தருகிறேன்.

"அடிச்சது நான் இல்ல மாஸ்டர். நான் ஒரு அடி அடிக்கல்ல. நான் புடிச்சிக்கிட்டு மட்டும்தான் நிண்டன்."

"எவ்வளவு நேரம்?"

"பொலிஸ் வரும்வரைக்கும். ஆள் ஆளா வந்து அடிச்சாங்க. செருப்பால, குடையால, ஒருத்தன் மெழுகுதிரி ஸ்டாண்ட் ஒண்டால. கடைசில அவன்ட மூஞ்சில எது கண், எது வாய் எண்டு தெரியல்ல."

"விட்டிருக்கலாமே ஐயா?"

"விட்டா ஓடிருவான்தானே."

"அந்நிலையில் அவனால் நிற்கவே முடியாதிருந்திருக்குமே."

அவர் என்னை வியப்போடு நோக்கினார். "அது எனக்கு எப்பிடித் தெரியும்? நான் புடியத்தானே பாத்துக்கிட்டு நிண்டன்."

இவ்விடையைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதில் பெருமிதமும் இல்லை, வருத்தமும் இல்லை. அவர் கூறியது முழுவுண்மை என்றே நம்புகிறேன். அந்தக் கையின் மறுமுனையில் ஒரு மனிதன் இருந்தான் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

இனி, கை முறிந்த நிகழ்ச்சிக்கு வழிகோலிய விளையாட்டு வண்டிகளுக்கு வருகிறேன்.

வெள்ளவத்தைக் கரையோரம் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் இடையே அலையரிப்பைத் தடுக்கக் கொட்டப்பட்ட கருங்கற்பாறைகள் குவிந்து கிடக்கின்றன. ஞாயிறு காலைகளில் அப்பாறைகளின்மீது ஒரு சிறு கூட்டம் கூடும். வங்கியில் பணிபுரிவோர், கடைக்காரர், இரண்டொரு சிங்கள இளைஞர், ஓய்வுபெற்றோர். ஒவ்வொருவர் கையிலும் நாய்க்குட்டியளவான ஒரு வண்டி. தொலைவில் நின்று விசைப்பெட்டியால் அதை இயக்குவர். விரைந்தோடுவது அவ்வண்டியின் நோக்கமன்று. மனிதர் கையூன்றி ஏறும் பாறையை மெல்லப் பற்றிப் பற்றி ஏறுவதே அதன் தொழில். வண்டியின் நடுவிலுள்ள மின்னோடியிலிருந்து முன்னச்சுக்கு ஒன்றும் பின்னச்சுக்கு ஒன்றுமாக இரு தண்டுகள் செல்லும். அவர்கள் அதை 'ஷாஃப்ட்' என்றனர். நான் செலுத்துதண்டு என்றேன்.

"மாஸ்டர், நீங்க அந்தப் பேரச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வண்டி மலையேறி எறங்கிரும்" என்றார் அவர். அங்கிருந்தோர் அனைவரும் நகைத்தனர், நானுந்தான்.

தண்டின் முனை, பற்சக்கரப் பெட்டியிலிருந்து நீளும் ஒரு முளையின்மேல் தொப்பிபோல் பொருந்தும். அப்பொருத்தத்தை இறுக்கிப் பிடிப்பது எள்ளளவான திருகாணி. முளையின் ஒரு பக்கத்தைத் தட்டையாக அராவியிருப்பார்கள். திருகாணி அத்தட்டையின்மேல் அமர வேண்டும். உருண்ட பக்கத்தில் அமர்ந்தாலோ, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ, சக்கரம் பாறையில் முட்டி நிற்கும் வேளையில் தண்டு வழுக்கும். மின்னோடி அலறும், சக்கரம் அசையாது.

அவ்வலறல்தான் அவரை அங்கு இழுத்து வந்தது. என்னோடு கடற்கரையில் நடந்துகொண்டிருந்தவர், அதைக் கேட்டதும் முகம் சுளித்துப் பாறைகளின்மேல் ஏறினார். முன்பின் அறியாத ஒருவருடைய வண்டியைத் தூக்கிக் கவிழ்த்து, "இது வழுக்குது. உங்களுக்கு இது கேக்கல்லயா? எப்பிடி இதக் கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க?" என்று அதட்டினார். பல் வலிப்பவனின் குரல் அது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் கருவிப்பையோடு வந்தார். தமக்கென வண்டி எதுவும் வாங்கவில்லை. விசைப்பெட்டியை ஒருநாளும் தொட்டதில்லை. வழுக்கும் தண்டுகள் மட்டுமே அவருக்கு வேண்டியிருந்தன.

அக்கூட்டத்தில் தண்டு திருத்தும் திறனுடையவர் முன்னரே ஒருவர் இருந்தார். மாளிகாவத்தைக்காரர், புறக்கோட்டையில் கைக்கடிகாரம் திருத்தும் கடை வைத்திருந்த முஸ்லிம் அன்பர். சிறியோரும் பெரியோரும் அவரை நானா என்றே அழைத்தோம். நானாவின் முறை ஒரு தினுசு. தண்டைக் கழற்றி, முளையின் பிசுக்கைத் துணியால் துடைத்து, தட்டைப் பக்கம் மேலே வரும்வரை திருப்பி, திருகாணியின் மரையில் நீலப்பசை ஒருதுளி இட்டு, இரு விரலால் முடுக்குவார். போதும் என்று விரல் சொல்லும் இடத்தில் நிறுத்திவிடுவார். முடுக்கியதும் வண்டியைத் தூக்கிச் செவியோடு ஒட்டி வைத்துக் கேட்பார். கடிகாரங்களோடு வாழ்ந்தவர், செவியால்தான் எதையும் பார்ப்பார்.

குழாய் இறுக்கியவருடைய முறை வேறு. திருகாணியைப் பிடுங்கிக் கடலில் எறிவார். தண்டையும் முளையையும் சேர்த்து ஊடுருவத் துளையிட்டு, எஃகு ஊசி ஒன்றை, அவர் சொல்லில் 'பின்', சுத்தியலால் அறைந்து இறக்கி, இருபுறமும் நசுக்கிவிடுவார். ஒவ்வோர் அடிக்கும் பாறையில் பொறி பறக்கும். "இனி வழுக்குமா பாப்பம்" என்பார்.

வழுக்கவில்லை. ஆனால் பாறையிடுக்கில் சக்கரம் சிக்கி, மின்னோடி முழுவலுவோடு முறுக்க, தண்டு விட்டுக்கொடுக்காமையால் பெட்டிக்குள்ளிருந்த பற்சக்கரங்கள் பல்லுதிர்ந்தன. முதலில் ஒரு வண்டி, பிறகு இன்னொன்று.

"அண்ணே," என்றார் நானா, குரலில் மரியாதை குறையாமல், "எங்கயாச்சும் ஒண்டு வழுக்கத்தான் ஓணும். ஒண்டுமே வழுக்காட்டி எதாச்சும் ஒடஞ்சி பெய்த்திரும்."

"ஒடஞ்சா ஒடயட்டும் நானா. வழுக்கக் கூடாது."

இது அவர் வாயில் நான் கேட்ட சொற்களுள் எல்லாம் அடங்கிய சொல். குழாய்க்கும் அதைச் சொல்வார், கதவுக்கும் சொல்வார், மகளின் திருமணப் பேச்சு முறிந்தபோதும் அதையே சொன்னார்.

பல்லுதிர்ந்த வண்டிக்கு உரியவர்களுள் ஒருவர் வங்கி அலுவலர், நாவடக்கம் குறைந்தவர். உள்ளே நொறுங்கிக் கிடந்த வண்டியை நீட்டி, "உங்கட பின்னாலதான் என்ட கியர் முழுக்கப் போச்சு" என்றார்.

"ஷாஃப்ட் வழுக்கிச்சா?"

"ஷாஃப்ட் வழுக்கல்ல. ஆனா—"

"அப்ப என்ட வேல சரி."

"இது ஹாபர்ல மூட்ட தூக்கிற மாதிரி வேல இல்ல ஐயா. இதுக்குக் கொஞ்சம் மூள வேணும்."

யாரோ ஒருவர் சிரித்தார். ஊசி அறைந்தவர் கை நீட்டினார். வண்டியைக் கையில் வாங்கினார். அதன் செலுத்துதண்டைக் கோடரிப்பிடி போல் பற்றினார். பின்னர் வண்டியைத் தலைக்குமேல் ஓங்கிக் கருங்கல்லில் அறைந்தார். மேலோடு பிளந்தது. மீண்டும் அறைந்தார், சக்கரங்கள் தெறித்தன. வங்கியாளர் கூவிக்கொண்டு குறுக்கே வர, தெறித்த இரும்புத் துண்டு அவர் புருவத்தைக் கிழித்தது. குருதி கண்ணை மூடியது. இவரோ அதையும் பாராமல் அறைந்துகொண்டேயிருந்தார். அலையின் அறைதலும் அவருடைய அறைதலும் மாறிமாறிக் கேட்டன. முடிவில் கையில் எஞ்சியது தண்டும், அதில் ஒட்டி நின்ற முளையும், அவர் அறைந்த ஊசியுமே. அதை வங்கியாளரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாருங்க. இன்னும் புடிச்சிக்கிட்டுத்தான் இருக்கு."

அதன்பின் வங்கியாளர் அங்கு வரவில்லை. மற்றவர்கள் வந்தனர். அச்சத்தால் வந்தனரா, அவர் அடுத்து என்ன செய்வார் என்று காணும் ஆவலால் வந்தனரா என்று என்னால் சொல்ல முடியாது. நானும் வந்தேன்.

நானா மட்டுமே அவரிடம் இயல்பாகப் பழகியவர். தம் வண்டியிலும் அவர் ஊசி அறைய இடங்கொடுத்தார். மறுத்து மனம் நோகச் செய்ய விரும்பவில்லை. ஆனால் கடைக்குச் சென்று, பொறுமையாக அவ்வூசியை அராவி எடுத்துவிட்டுப் புதுத்தண்டும் திருகாணியும் நீலப்பசையும் இட்டார். "அவர்ட்ட செல்லிராதீங்க சேர்" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். நான் சொல்லவில்லை.

அக்கூட்டத்தாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அறிவுடையார் எவரும் ஏற்காத வழக்கம். திருத்திய தண்டைச் சோதிப்பதற்குப் பாறை உதவாது என்பர். பாறை ஒவ்வொன்றும் ஒவ்வொரு சரிவு. தண்டவாளம் அப்படியன்று; எங்கும் ஒரே உயரம், ஒரே செங்குத்து. எனவே திருத்திய வண்டியைத் தண்டவாளத்தின்மேல் ஏற்றி இறக்குவார்கள். அது ஏறினால் எதுவும் ஏறும். வளைவுப் பக்கம் ஒருவர் காவல் நின்று, தொடர்வண்டி தோன்றியதும் குரல் கொடுப்பார். கால அட்டவணை கைப்பேசியில் இருந்தது. எங்கள் தொடர்வண்டிகள் அட்டவணையைப் பார்த்து வருவதில்லை.

அந்த ஞாயிறு கடல் கொந்தளித்திருந்தது. அலைகள் பாறைகளைத் தாண்டித் தண்டவாளத்தின்மீதே நீரை வாரி இறைத்தன. பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. நானா தம் வண்டியைத் தண்டவாளத்தில் ஏற்றினார். முன்சக்கரங்கள் ஏறி மறுபுறம் இறங்கின. பின்சக்கரங்கள் முட்டி நின்றன. மின்னோடி அலறியது.

அவருடைய தலை திரும்பியதைக் கண்டேன். "அது வழுக்குது" என்றார். பின், மெல்ல, எவரிடமும் அல்லாமல், "என்ட பின் வழுக்காதே" என்றார்.

நானா விசையை நிறுத்திவிட்டு வண்டியிடம் சென்றார். தூக்கியெடுத்துக்கொண்டு வந்திருந்தால் இக்கட்டுரைக்கே இடமில்லை. ஆனால் கடிகாரக்காரர் அல்லவா? பாரம் தாங்கி நிற்கும் நிலையிலேயே எங்கே வழுக்குகிறது என்று அறிய விரும்பினார். தண்டவாளத்தின் நடுவே மண்டியிட்டு, விசையை மெல்லத் தட்டி, வண்டியின்மேல் செவியை வைத்தார். மறுசெவியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

காவல் நின்ற சிங்கள இளைஞன் இரு கைகளையும் வீசியதை நான் கண்டேன். "கோச்சிய எனவா! கோச்சிய!" என்று தொடர்வண்டி வருவதை அவன் அலறிச் சொன்னது எனக்குக் காற்றில் துண்டுதுண்டாகத்தான் வந்தது. நானாவுக்கு ஒன்றுமே எட்டவில்லை. வளைவில் தொடர்வண்டியின் முகம் தெரிந்தது. நாங்கள் அனைவரும் கூவினோம், ஒருவரும் நகரவில்லை. அவர் நகர்ந்தார். அந்த வயதில், ஈரப்பாறையில், அவர் பாய்ந்த பாய்ச்சலை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. நானாவின் வலக்கை மணிக்கட்டைப் பற்றினார். பற்றிப் பின்புறமாக வீழ்ந்தார். நானா அவர்மீது இழுபட்டு விழ, நான் நின்ற பாறையின் அடியில் இருவரும் உருண்டனர். தொடர்வண்டி கடந்தது. விளையாட்டு வண்டியின் சில்லுகள் எங்கள் கால்களில் வந்து தைத்தன. என் கணுக்காலில் அதன் வடு உண்டு.

இனி எழுதுவது அவர் மகள் எழுதக் கேட்டதன்று.

தொடர்வண்டியின் கடைசிப் பெட்டி கடந்ததை நான் கண்டேன். இருவரும் மண்டியிட்ட நிலையில், முகத்துக்கு முகம் நேராக இருந்தனர். பிடி விடுபடவில்லை. நானாவின் தலைத்தொப்பி நீரில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. நானா மூச்சுவாங்கியவாறு ஏதோ சொல்ல முயன்றார், நன்றியாக இருக்கலாம். அவர் முந்திக்கொண்டார்.

"என்ட பின்னக் கழட்டினீங்களா?"

"அண்ணே, கைய விடுங்க. நோகுது."

"வழுக்கிச்சா இல்லையா? சொல்லுங்க நானா."

"விடுங்க அண்ணே. அல்லாஹ்வே, விடுங்க."

"வழுக்கிச்சா இல்லையா?"

அவர் கை திரும்பிற்று. முறுக்கினார் என்று எழுத எழுதுகோல் துணிகிறது. திரும்பிற்று என்பதே நான் கண்டது. மரத்தாலான அடிமட்டம் ஒடிவது போன்ற ஓசை ஒன்று எழுந்தது. நானா கூவவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. அவர் குனிந்து அந்த மணிக்கட்டை, தம் பிடிக்குள் அது வேறு கோணத்தில் நிற்பதை, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மூவர் சேர்ந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தவேண்டியதாயிற்று.

மருத்துவமனையில் நானா, கல்லில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். சொல்லி, அனைவரையும் அதற்கு உடன்படச் செய்தார். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அச்செய்தி அவர் செவிக்கு எட்டிற்று. மறுநாள் பார்வையாளர் நேரத்தில், நோயாளரும் உறவினரும் நிறைந்திருந்த அறைக்குள் அவர் நுழைந்தார். நான் நானாவின் கட்டிலருகே இருந்தேன்.

"வழுக்கினதா? யார் வழுக்கினது?" அவர் குரல் அறை முழுவதையும் அடக்கிற்று. "என்ட கைல இருந்து இதுவரைக்கும் ஒண்டும் வழுக்கினதில்ல. நான்தான் ஒடச்சன். நல்லாக் கேட்டுக்கங்க எல்லாரும். நான்தான் ஒடச்சன்!"

நானா கட்டிலில் படுத்தவாறே கண்களை மூடிக்கொண்டார். "சரி அண்ணே," என்றார். "நீங்கதான். இப்ப போங்க."

படிக்கட்டில் மகள் கேட்ட அந்தப் பெயரை அவருக்குச் சூட்டியவர் அவரே. எவரும் கேளாதபோது, எவரும் குற்றஞ்சாட்டாதபோது, தாமே சூட்டிக்கொண்டார். உயிரைக் காத்ததை அவ்வறையில் அவர் சொல்லவேயில்லை. அது அவருக்கு நினைவில்லாமலே இருந்திருக்கலாம், பிடியைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய இறப்பில் அவருக்குப் பொருந்தும் செய்தி ஏதும் இல்லை. காய்ச்சலில் படுத்தார், எழவில்லை.

நானாவின் மணிக்கட்டு கோணலாகப் பொருந்திற்று. கடையை இப்போது தம்பி நடத்துகிறார். நானா முன்னால் அமர்ந்து வருவோரிடம் கதைக்கிறார். இதை எழுதத் தொடங்குமுன் புறக்கோட்டைக்குப் போய் அவரிடமே கேட்டேன்: முறிந்தது எப்போது? அவர் ஒரு பழைய கடிகாரத்தை இடக்கையால் எடுத்துச் செவியில் வைத்துக்கொண்டார்.

"அது எனக்குத் தெரியும் சேர். ஆனா செல்ல மாட்டன். அவர் அண்டைக்குப் புடிக்காட்டி, இதக் கேக்க நீங்க வாறதுக்கு நான் ஈக்க மாட்டன்தானே."

ஆக, அறிந்தவர் சொல்ல மறுக்கிறார். சொன்னவர் எப்போது என்று சொல்லாமலே போய்விட்டார். எஞ்சியது என் செவி. தொடர்வண்டி கடந்துகொண்டிருக்கையில் எலும்பு முறியும் ஓசை எவர்க்கும் கேளாது. எனக்குக் கேட்டது. ஆகவே தொடர்வண்டி போய்விட்டிருந்தது. ஆகவே அவர் காத்தார்; காத்து முடித்தபின் முறித்தார். இரண்டையும் செய்தது ஒரே பிடி. இதுவே என் முடிபு.

எழுதியதை மகளிடம் கொடுத்தேன். என் முன்னாலேயே அமர்ந்து படித்தாள். கடைசிப் பகுதிக்கு வந்ததும் திரும்ப முன்பக்கம் போய் எதையோ தேடிப் படித்தாள்.

"அங்கிள், அண்டைக்குக் கடல் இரைச்சல், பக்கத்தில நிக்கிற ஆளோடயும் கத்தித்தான் கதைக்கணும் எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்க. அந்தப் பெடியன் கத்தினதே உங்களுக்கு ஒழுங்காக் கேக்கல்ல எண்டும் எழுதியிருக்கிறீங்க. அப்ப எலும்பு முறிஞ்ச சத்தம் மட்டும் எப்பிடிக் கேட்டது?"

அவள் தாள்களை அடுக்கி என்னிடமே நீட்டினாள். கோபித்தவளாகத் தெரியவில்லை. "டடிட குணம் எனக்குத் தெரியாதா அங்கிள்? ஆனா தெரியிறது வேற, அச்சில வாறது வேற" என்றாள். அவள் போனபின் தண்ணீர் குடிக்கக் கோப்பையைக் கழுவினேன்; குழாயை மூடுகையில், சொட்டுகிறதா என்று பார்த்து, தேவைக்கு மேலே ஒரு சுற்று முடுக்கியிருந்ததைப் பிறகுதான் உணர்ந்தேன்.

அவள் வினவியதை நான் இரவும் பகலும் எண்ணிவிட்டேன். அவ்வோசை இப்போதும் என் செவியில் உள்ளது. ஆனால் அது அன்று கேட்டதா, முறிந்த கையைக் கண்டபின் என் மனம் இட்டுக்கட்டியதா என்று ஆணையிட்டுக் கூற இன்று என்னால் இயலவில்லை. அவர்கள் பேசிய சொற்களும் அவ்வாறே. எழுதியதை அழிக்கவும் மனம் வரவில்லை.

அன்று அப்பாறைகளின்மேல் நின்றோர் இன்னும் இவ்வூரில் வாழ்கின்றனர். இடத்திலோ வரிசையிலோ சொல்லிலோ நான் பிழைத்திருந்தால் திருத்துக. சிறப்பாக அவ்வோசை குறித்து. அது எனக்குக் கேட்டிருக்கவே முடியாது என்று உங்களுள் எவரேனும் உறுதியாகக் காட்ட வல்லீராயின், என்னைத் தேடி வரவேண்டா. மேல்மாடிக்கு ஏறி முதலில் அவர் மகளிடம் சொல்லுங்கள். ஏறும்போதே, படிக்கட்டில் நின்று, உரக்கச் சொல்லுங்கள்.